திருமண மண்டபத்தில் வழுக்கி விழுந்த அம்மாவுக்குத் தொடை இடுக்கில் வலி: அடுத்து என்ன செய்ய வேண்டும்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. நேற்று மாலை கும்பகோணத்தில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில், பந்தி முடிந்து கை கழுவச் சென்ற இடத்தில் தேங்கி நின்ற சோப்பு நீரில் வழுக்கி, வலப்பக்கமாக விழுந்துவிட்டார். தலையில் அடிபடவில்லை என்கிறார், நினைவும் தப்பவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு எட்டு வைக்கிறார், ஆனால் வலது தொடை இடுக்கில் வலி பொறுக்க முடியவில்லை என்று உடனே உட்கார்ந்துவிடுகிறார்.

எலும்பு முறிந்திருந்தால் காலை ஊன்றவே முடியாது, இது வெறும் சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொல்கிறார். புத்தூருக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டு வரலாம் என்பது சித்தியின் யோசனை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். மண்டப மேலாளரிடம் சொன்னபோது, பார்த்து நடந்திருக்க வேண்டும் என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். இப்போது நாங்கள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற முடநீக்கியல் மருத்துவர் எழுதியது:

ஐயா, அம்மாவை இனி ஒரு எட்டுகூட நடக்கவிடாதீர்கள். அறுபது வயதைக் கடந்தவர் பக்கவாட்டில் விழுந்து, தொடை இடுக்கில் வலி என்று சொன்னால், இல்லை என்று படம் காட்டும்வரை அதை இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்பு முறிவாகவே கருத வேண்டும். இதில் சுளுக்கு என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது.

உங்கள் பெரியப்பா சொல்வது பலரும் நம்புவதுதான், ஆனால் அது சரியன்று. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியும்போது சில சமயம் இரு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிடுகின்றன. அத்தகையவர்கள் வலியோடு சில அடி நடக்கவும் செய்வார்கள். அந்த நிலையில் முறிவு விலகாமல் இருப்பதால், சிறிய கீறல் வழியாகத் திருகாணிகளைச் செலுத்தியே பெரும்பாலும் நிலைநிறுத்திவிடலாம். நடக்கவைத்தோ, நீவிவிட்டோ, காலைப் பிடித்து இழுத்தோ துண்டுகளை விலகச் செய்துவிட்டால், எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து, தலைப்பகுதியையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டிய நிலை வரும். துண்டுகள் முழுவதும் விலகிய முறிவில் கால் சற்றுக் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் தெரியும்; அப்படித் தெரியவில்லை என்பதற்காக முறிவு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

108-ஐ அழையுங்கள். படுத்த நிலையிலேயே, இரு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் சொல்லுங்கள்; காரின் பின் இருக்கையில் மடக்கி உட்காரவைப்பது வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இதய நோயாளிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், கிளம்பும்முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள்; அதே சமயம் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் வெறும் வயிற்றோடு இருப்பதும் ஆபத்து என்பதால் சர்க்கரை அளவைப் பார்த்து, மருத்துவமனையில் சேர்ந்ததும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரியும்படி எடுப்பதே ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாலும், வலி அப்படியே இருந்து காலை ஊன்ற முடியாவிட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்க வேண்டுமா என்று கேட்காமல் திரும்பாதீர்கள், ஏனெனில் மெல்லிய விரிசல்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு.

இன்னொன்று. தலையில் அடிபடவில்லை என்பதை அம்மா சொன்னதோடு விடாமல், விழும்போது அருகில் இருந்தவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்குத் தலையில் பட்டது சிறு அடியே ஆனாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

வைகை எழுதியது:

மருத்துவர் ஐயாவின் மீது மரியாதை வைத்தே ஒரு கருத்தைச் சொல்கிறேன். என் தந்தைக்கு மணிக்கட்டு முறிந்தபோது புத்தூர்க் கட்டில்தான் குணமானது. கத்தி படாமல், குறைந்த செலவில், சில வாரங்களில் அவர் வயல் வேலைக்குத் திரும்பினார். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறமையை அடியோடு ஒதுக்கிவிடுவது நியாயமா? இந்த வயதில் அறுவை சிகிச்சை என்றால் எந்தக் குடும்பமும் அஞ்சத்தான் செய்யும்.

ஓய்வுபெற்ற முடநீக்கியல் மருத்துவர் எழுதியது:

உங்கள் தந்தை நலமடைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. அந்தக் கைத்திறமையை இகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. ஆனால் மணிக்கட்டும் இடுப்பும் ஒன்றல்ல. மணிக்கட்டு எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்து வெளியிலிருந்து அசையாமல் கட்டிவைத்தால் சேர்ந்துகொள்ளும். மாவுக்கட்டும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தொடை எலும்பின் மேல்முனையோ உடலிலேயே வலிமை மிகுந்த தசைகளுக்குள் புதைந்து கிடக்கிறது. அதை எந்தக் கட்டும், மூங்கில் பத்தையானாலும் மாவுக்கட்டானாலும், வெளியிலிருந்து பிடித்து நிறுத்த முடியாது.

மணிக்கட்டுக்கே கட்டுப் போட்டாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுப் போட்டபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை மெல்ல நீட்டினாலே வலி உயிர் போனாலோ, இரவோ பகலோ அந்தக் கட்டை உடனே அவிழ்த்தாக வேண்டும். இறுக்கிய கட்டுக்குள் வீக்கம் கூடி, ரத்த ஓட்டம் நின்று, கையையே இழந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கையை ஊன்றி விழுந்த எவருக்கும் வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறுவை சிகிச்சையைக் கண்டு வரும் அச்சத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இடுப்பு முறிவில் முதியவரின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முறிந்த எலும்பு அல்ல, படுக்கையே. அசையாமல் கிடப்பவருக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வருகிறது, முதுகில் படுக்கைப்புண் வருகிறது, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. பல நாடுகளின் ஆய்வுகளில், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேற்பட்டோர், ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். இயன்றால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அடுத்த நாளே எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்று உலகெங்கும் வலியுறுத்துவது இதனால்தான். வயதாகிவிட்டது என்பது இந்த அறுவையைத் தவிர்ப்பதற்கான காரணம் அல்ல. விரைந்து செய்வதற்கான காரணம்.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 108-இல் அழைத்து வந்துவிட்டோம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு, ஆனால் துண்டுகள் விலகவில்லை என்று எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொன்னார். தலையிலும் அடி இல்லை என்று உடனிருந்தவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். குளோபிடோக்ரெல்லை நிறுத்திச் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்குமோ என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. அவ்வளவு நாள் காத்திருப்பது சரியா?

ஓய்வுபெற்ற முடநீக்கியல் மருத்துவர் எழுதியது:

முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளுக்கு அந்த மாத்திரையை ஐந்து நாளோ அதற்கு மேலோ நிறுத்துவது வழக்கம். இடுப்பு முறிவுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு பயனைவிடத் தீங்கையே கூடுதலாகத் தரும் என்பதால், இந்த மாத்திரைக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றே அமெரிக்க, பிரிட்டன் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதுகுத் தண்டில் ஊசி போடுவதைத் தவிர்த்து முழு மயக்கம் கொடுப்பதை மயக்க மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இதய மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. எத்தனை மணிக்கு அறுவை, காத்திருப்பு என்றால் எதற்காக என்று பணிவாக, ஆனால் தெளிவான பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.

மருதநிலம் எழுதியது:

செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. விபத்து என்பதால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா?

மூத்த செவிலி எழுதியது:

முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு மட்டுமே உரியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை அன்றாடம் நடக்கிறது.

வார்டில் அம்மாவோடு இருக்கப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். அறுவை முடிந்த இரவிலோ மறுநாளோ அம்மா உங்களை அடையாளம் தெரியாதவர் போலப் பேசலாம், இல்லாத ஆளைக் கூப்பிடலாம், ஊசிக் குழாயைப் பிடுங்கலாம். பல குடும்பங்கள் இதைப் பார்த்து மூளை கலங்கிவிட்டது என்று அழுவதைக் கண்டிருக்கிறேன். முதியவர்களுக்கு அறுவைக்குப் பின் வரும் இந்தக் குழப்பம் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும், ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, சிறுநீர் அடைப்போ, வலியோ அதற்குக் காரணமாக இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காதுக் கருவி இருந்தால் மாட்டிவிடுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து வீட்டு மனிதர் ஒருவரே பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள்.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பும்போது, பாவம் வலிக்கிறதே என்று தடுக்காதீர்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை நீங்களும் கற்றுக்கொண்டு, மணிக்கொருமுறை செய்ய வையுங்கள். குதிகாலும் வால் எலும்புப் பகுதியும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று உடம்பைத் தேற்றும் உணவு கொடுங்கள். வீடு திரும்பியபின் அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்து வர வசதியில்லாதவர்கள், 2021 ஆகஸ்டு முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

திருச்சி வழக்குரைஞர் எழுதியது:

மருத்துவம் முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மண்டபத்தைப் பற்றிய சான்றுகள் மிக விரைவில் அழிந்துவிடும் என்பதால், குடும்பத்தில் ஒருவர் இன்றே அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அவசரத்தில் கூட வந்தவர் "கீழே விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்ல, எழுதுபவர் வீட்டில் விழுந்ததாகக் குறித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பின்னாளில் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். இன்ன நாளில், இன்ன மண்டபத்தின் கை கழுவும் இடத்தில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார் என்று பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் இப்போதே திருத்தம் கேளுங்கள்.

அடுத்தது கேமரா பதிவு. பெரும்பாலான கருவிகளில் பழைய பதிவின்மேல் புதிய பதிவு தானாகவே ஏறிவிடும். ஆகவே அந்த மாலை நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று மண்டப உரிமையாளருக்கு இன்றே விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நாளைக்கு அவர்கள் இல்லை என்று சொன்னால், கேட்ட பின்னும் காக்கவில்லை என்று வாதிட அது உதவும். திருமண வீடியோ எடுத்தவரிடமும் பந்தி முடிந்த நேரத்துக் காட்சிகளைக் கேட்டு வாங்குங்கள். தரை எந்தக் கல், தண்ணீர் போக வழி இருந்ததா, ரப்பர் விரிப்போ எச்சரிக்கைப் பலகையோ இருந்ததா என்று தெரியும்படி படமெடுங்கள். அம்மா அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். பரிமாறியவர்களில் பார்த்தவர் இருந்தால் தொடர்பு எண்ணை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஊரில் இருப்பார்கள்.

சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாடகை கொடுத்தவர் உங்கள் உறவினர், அம்மா விருந்தாளி. ஆனாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்தவரின் ஒப்புதலோடு அந்தச் சேவையைப் பயன்படுத்தியவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. அந்த அடிப்படையில் அம்மாவே முறையீட்டாளராக வாதிட இடம் உண்டு. நிகழ்வு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். முறையீட்டாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். அதற்கு முன் இழப்பீடு கேட்டு அறிவிப்பு அனுப்புங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டியிருந்தாலும் அந்தப் பலகை ஒன்றே அவர்களின் கவனக்குறைவை மறைத்துவிடாது. அதேபோல, அம்மாவும் ஓரளவு கவனமின்றி நடந்தார் என்று அவர்கள் நிறுவினால் தொகை குறையலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சிறு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அறுவை, பிசியோதெரபி, உதவியாள் சம்பளம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று இன்று யாருக்கும் தெரியாது.

மருதநிலம் எழுதியது:

நல்ல காரியம் நடந்த வீட்டில் வழக்கு என்றால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்க மாட்டார்களா? உறவு கெட்டுவிடுமே என்ற கவலையில் சொல்கிறேன்.

திருச்சி வழக்குரைஞர் எழுதியது:

கோரிக்கை மண்டபத்தின் மீதே தவிர, திருமணம் நடத்திய குடும்பத்தின் மீது அன்று. அதை முதலிலேயே அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. வாடகை ரசீதின் நகல் அவர்களிடமிருந்துதான் கிடைக்க வேண்டும் என்பதாலும் அந்தப் பேச்சு தேவைப்படுகிறது. அடுத்த முகூர்த்தத்தில் அதே இடத்தில் இன்னொரு வீட்டுப் பாட்டி விழக் கூடாது என்பதையும் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அறுவை நல்லபடியாக முடிந்தது. திருகாணிகளே போதுமானதாக இருந்தன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் அதிகம் பாரம் போடாமல், கட்டிலிலிருந்து நாற்காலிவரை வருகிறார். பதிவேட்டில் வீட்டில் விழுந்ததாகத்தான் எழுதியிருந்தார்கள், திருத்தித் தந்துவிட்டார்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டுக்கு அழைத்துப் போகும்முன் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

முதியோர் மருத்துவர் எழுதியது:

தண்ணீரில் வழுக்கினார் என்பது ஒரு விடை. அதே தண்ணீரில் நடந்த மற்றவர்கள் விழவில்லையே, அம்மா மட்டும் ஏன் தடுமாறினார் என்று கேட்பது என் துறையின் வழக்கம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அழுத்த மாத்திரைகளை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். சர்க்கரை தாழ்ந்து போகிறதா, சோடியம் குறைந்திருக்கிறதா, தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கண்புரை முற்றியிருக்கிறதா, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். முறிவைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, மெலிந்த எலும்பை அப்படியே விட்டுவிடுவதுதான் நம் ஊரில் மிக அதிகமாக நடக்கும் குறை. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இடுப்பு முறிவுக்குப் பின் ஆண்டுக்கொருமுறை நரம்பு வழியாகச் செலுத்தும் ஜோலெட்ரானிக் அமிலம், மறு முறிவுகளையும் இறப்பையும் குறைத்ததாக 2007-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரகம், வைட்டமின் டி அளவு, பல் நிலை ஆகியவற்றைப் பார்த்த பிறகே அதைத் தர வேண்டும். தையல் பிரிக்க வரும் நாளில் இதை நீங்களே நினைவூட்டிக் கேளுங்கள்.

வீட்டில் முதலில் குளியலறையைப் பாருங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று, அது சுவரோடு பெயர்ந்து வந்து விழுந்தவர்கள் பலர். கைப்பிடிக்கென்றே செய்த கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். தாழ்வான கழிப்பறை இருக்கையின்மேல் உயரம் கூட்டும் இருக்கையைப் பொருத்துங்கள். குளிக்க, கால் வழுக்காத நாற்காலி வேண்டும். கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு எரியட்டும். வாசலில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

நெய்தல் எழுதியது:

இழையைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எழுதுகிறேன். என் தந்தை சில வாரங்களுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் சிறு புடைப்பு மட்டும் இருந்தது, அதுவும் வடிந்துவிட்டது. இதய வால்வுக்காக அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வாரம் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், இடது பாதத்தை இழுத்து நடப்பது போலத் தெரிகிறது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். வரும் திங்கட்கிழமை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா?

முதியோர் மருத்துவர் எழுதியது:

திங்கட்கிழமைவரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே கிளம்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அடிபட்டதையே எல்லோரும் மறந்துவிட்ட பிறகு மூளையை அழுத்தத் தொடங்கும்; நீங்கள் சொன்ன தலைவலியும் தூக்கமும் பாதத்தை இழுப்பதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். ரத்தக் கசிவு என்றே தெரிந்தாலும், உரிய நேரத்தில் மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

விழுந்த நாள், அசிட்ரோமின் அளவு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் கடைசியாக எடுத்த சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு மாத்திரையை, அங்குள்ள மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்கவோ நிறுத்தவோ வேண்டும். செயற்கை வால்வு உள்ளவருக்கு அதைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகும்படி 108-இல் சொல்லுங்கள்.